ஒரு நாள் காய்ச்சல்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்ப அங்கேயே வுடுங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. மெட்ராஸ்லேருந்து பஸ்ஸா? பாவம், நல்லா வேர்த்திருக்கு. அந்த இசைத்தட்ட மேச மேல வைங்க. மெதுவா. வெயில் படாம. இல்ல இல்ல, போடாதீங்க. பொட்டி இருக்கு, ஊசி இருக்கு, எல்லாம் இருக்கு, ஆனா இப்ப வேணாங்கறேன். மொதல்ல காப்பி குடிங்க. மருமவ போட்டுக்கிட்டு இருக்கா.

உங்க கடுதாசிய நாலு தடவ படிச்சேன். நம்ம பக்கத்துலேருந்து போயி மேல்நாட்டு இச வாசிச்சவங்கள பத்தி புஸ்தகம் எழுதறீங்க. மூர் மார்க்கெட்ல பழைய தட்டுங்க குவியல்ல உங்களுக்கு இது கெடச்சிது. பாரீஸ்ல முப்பத்தி நாலுல பதிஞ்சது. "நீலக்கிளி ஆர்கெஸ்ட்ரா, கிளாரினெட் தனி வாசிப்பு ழூல் ஒனுமியா." அது நீங்கதானேன்னு கேட்டிருந்தீங்க. ஆமான்னு ஒரு வரி எழுதிப் போட்டேன். அந்த ஒரு வரிய எழுத எனக்கு ஒம்பது நாளு ஆச்சி, அது உங்களுக்குத் தெரியாது.

யாரு வித்தாங்கன்னு கடைக்காரன கேட்டீங்களா? கேக்கலயா. பம்பாய்லேருந்து வந்த சரக்கான்னு கேட்டிருக்கலாம். சரி, அத வுடுங்க. அதுக்கு அப்புறமா வரேன்.

மொதல்ல இந்தப் பேரு. எல்லாரும் கேக்கறதுதான். ஒனுமியா, இத்தாலிக்காரன் பேரா, மடகாஸ்கர் பேரான்னு பாரீஸ்ல கேப்பாங்க. எங்க தாத்தா காலத்துல, இந்த ஊரு பிரெஞ்சுக்காரன் கையில இருந்தப்ப, ஒரு சட்டம் வந்துது. நம்ம சாதி வழக்கமெல்லாம் வேணாம், பிரெஞ்சு சட்டமே போதும்னு ஆபீசுல போயி எழுதிக் குடுத்தா நீயும் பிரெஞ்சுக்காரன். ஆனா வம்சத்துக்கு ஒரு குடும்பப் பேரு வச்சிக்கணும். தாத்தா வரிசையில நின்னாரு. அவரு முறை வந்ததும் வெள்ளக்கார குமாஸ்தா பேனாவ வச்சிக்கிட்டு நிமிந்து பாக்கறான். தாத்தா வாயத் தொறக்கல. பயம். பக்கத்துல மொழிபெயர்க்க நின்ன துபாஷி, "என்னய்யா, என்ன யோசன?"ன்னான். தாத்தா, "ஒன்னுமில்ல"ன்னாரு. குமாஸ்தா எழுதிட்டான். ஒன்னுமில்ல! அத பிரெஞ்சு எழுத்துல எழுதினா கடைசியில வர்ற ரெண்டு எல்லும் சேந்து 'ய' ஆயிடும், பிரெஞ்சுக்காரன் படிச்சா ஒனுமியா. சிரிங்க, சிரிங்க. எங்க குடும்பமே சிரிச்சிருக்கு. ஒன்னுமில்லங்கறதுதான் எங்க வம்சத்துக்குப் பேரு. ஆனா தம்பி, அந்தப் பேரு இருந்ததாலதான் நான் பிரெஞ்சுக்காரன். அது இல்லன்னா இந்தத் தட்டும் இல்ல, இந்தக் கதையும் இல்ல.

கிளாரினெட்டு இங்க பேண்டுல கத்துக்கிட்டது. ஜூலை பதினாலு, கவர்னர் மாளிக எதிர பார்க்குல வாசிப்போம். காகிதத்துல என்ன சுரம் எழுதியிருக்கோ அத ஒரு புள்ளி தப்பாம வாசிப்பேன். பட்டாளத்துக்குப் போனேன், பிரான்சுல துலோன்ல, அங்கயும் பேண்டுதான். முடிஞ்சதும் பாரீசுக்கு வந்தேன். சினிமாக் கொட்டகையில வேல. அப்ப பேசாத படந்தானே, திரைக்குக் கீழ குழியில உக்காந்து நாங்க வாசிப்போம். எனக்குப் பக்கத்துல கஸ்தோன்னு ஒருத்தன், வயலின். நல்ல மனுஷன், ரெண்டு புள்ளைங்க. திடீர்னு படம் பேச ஆரம்பிச்சிது. ஒரே வருஷம். குழியில இருந்த அத்தன பேரும் தெருவுல நின்னோம்.

தெருவுல நின்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜாஸு. அது என்னான்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, நீங்க புஸ்தகம் எழுதறவரு. ஆனா பாத்தவன் சொல்றேன். மொத யுத்தத்துல அமெரிக்கக் கறுப்புப் பட்டாளம் வந்துது இல்ல, அதுங்களோட பேண்டும் வந்துது. யுத்தம் முடிஞ்சதும் கொஞ்சம் பேரு திரும்பிப் போவல. அவங்க ஊருல அவங்கள நடத்தற நடத்த அப்படி. பிரெஞ்சுக்காரன் மொதல்ல, இது என்னாடா தகரத்த தட்டறான்னு சிரிச்சான். அப்புறம் ஆடினான். அப்புறம் பெரிய பெரிய சங்கீத வித்துவானுங்க கச்சேரி மண்டபத்துக்கே அந்தத் தாளத்த தூக்கிட்டுப் போனாங்க. காலேஜு பசங்க சங்கம் வச்சி, தட்ட சுத்தவிட்டு, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாங்க. அப்புறம் அவனே வாசிக்கக் கத்துக்கிட்டான். கத்துக்கிட்டதும், கத்துக்குடுத்தவன எழுந்து போன்னான். நன்றி கெட்ட ஜனங்க தம்பி. நான் பிரெஞ்சுக்காரனா இருந்துக்கிட்டே சொல்றேன்.

காப்பி வந்துடுச்சி. எடுத்துக்குங்க. சக்கர பாத்துக்குங்க.

அமோஸ் விட்லி. இந்தப் பேர நீங்க எங்கயும் படிச்சிருக்க மாட்டீங்க. அலபாமாக்காரன். கறுப்பன், என்ன விட ஒரு பங்கு கம்மி கறுப்பு, அத அவனே சொல்லிச் சிரிப்பான். பட்டாளத்து பேண்டோட வந்து தங்கினவன். நீலக்கிளின்னு ஒரு நடனக் கூடம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு டீ குடிச்சிக்கிட்டே ஆடுவாங்க, பெரிய எடத்துப் பொம்பளைங்க வர்ற எடம். அங்க முசியே ரிவோன்னு ஒருத்தர் ஆர்கெஸ்ட்ரா நடத்தினாரு. அதுல கிளாரினெட்டு அமோஸு. நான் காகிதம் நல்லாப் படிப்பேன்னு என்ன ரெண்டாவது கிளாரினெட்டா சேத்தாங்க. அமோசுக்குக் காகிதம் படிக்கத் தெரியாது. ஒரு புள்ளி கூடத் தெரியாது.

மொத நாளு நான் வாசிச்சத கேட்டுட்டு, "நீ ஏன் அனுமதி கேட்டுக் கேட்டு வாசிக்கற?"ன்னான். எனக்குச் சுருக்குன்னுச்சி. உக்காத்தி வச்சி கை தட்டச் சொன்னான். நாலு எண்ணிக்கையில நான் ஒன்னு, மூணுல தட்டறேன். அவன், இல்ல, ரெண்டு, நாலுல தட்டுங்கறான். பிரெஞ்சுக்காரனும் ஒன்னு மூணுதான். ரெண்டு வாரம் தெருவுல நடக்கும்போதெல்லாம் தொடையில தட்டிக்கிட்டே போனேன், பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க. பேரு என்ன அர்த்தம்னு கேட்டான். சொன்னேன். வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சான். அன்னிலேருந்து நான் அவனுக்கு "நத்திங்". இங்கிலீஷ்ல ஒன்னுமில்லங்கறதுக்கு அதானே. "ஹே, நத்திங்!" கூடத்துக்குள்ள நொழையும்போதே சத்தம் வரும். வேற யாராவது கூப்புட்டா கோவம் வந்திருக்கும்.

ஞாயித்துக்கெழம அவன் ரூம்புல சமையல். பாரீஸ் பட்டணத்துலயே மூணு வேளையும் சோறு கெடைக்குமான்னு ஏங்கினது நாங்க ரெண்டு பேருதான்னு நெனைக்கறேன். அவன் செவப்புப் பயறு போட்டு சோறு ஆக்குவான், நான் மொளகு ரசம் வைப்பேன். எங்க ஊர்ல காய்ச்சல்னா ரொட்டி குடுக்க மாட்டோம், கஞ்சிதான்னு ஒரு நாள் சொன்னேன். அரிசிய எவ்வளவு நேரம் வேக வைப்பீங்கன்னு கேட்டான். சும்மா பேச்சுக்குக் கேட்டான்னு நெனச்சேன்.

அவன் வாசிக்கறத நான் காகிதத்துல எழுதி வப்பேன். அவன் சம்மதத்தோடதான், திருட்டுத்தனமா இல்ல. "நான் வாசிச்சது காகிதத்துல இப்படியா இருக்கு, எறும்பு மாதிரி"ன்னு பாத்துட்டு சிரிப்பான். ஒரு பாட்டு இருந்துது. அவனே கட்டினது. நடுவுல கிளாரினெட்டு மட்டும் தனியா வரும். தெனம் கொஞ்சம் மாத்தி வாசிப்பான், ஆனா கடைசியில ஒரு எடம் மாறாது. மேல போயி, நின்னு, லேசா காத்து ஒழுகி, சறுக்கிக் கீழ வரும். பொம்பளைங்க ஆடறத நிறுத்திட்டு மேடையப் பாப்பாங்க. முசியே ரிவோ, இத தட்டுல பதியணும், வாசிக்கறவன் பேரையும் போடணும்னாரு. பேரு போடற வழக்கம் அப்ப எல்லாத்துக்கும் இல்ல. அமோஸு அன்னிக்கு எனக்கு வாங்கிக் குடுத்த ஒயின இப்பவும் சொல்லுவேன், என்ன நெறம்னு.

அந்த எடத்ததான் நீங்க கடுதாசில எழுதியிருந்தீங்க. "அந்த இழுப்பு நம்ம கமகம் போலவே இருக்கிறது, தமிழ் ரத்தம் பேசுகிறது"ன்னு. தம்பி, மன்னிச்சிக்குங்க. அது ரத்தம் இல்ல, பல்லு. அமோசுக்கு மேல்வரிசையில எடது பக்கம் ஒரு பல்லு பாதி ஒடஞ்சிருக்கும், யுத்தத்துல லாரியிலேருந்து விழுந்தது. மேல் சுரம் புடிக்கும்போது அந்த ஓட்டையில காத்து ஒழுகும். அவ்வளவுதான் உங்க கமகம்.

எனக்குப் பல்லு ஒடையல. முழுசா இருந்துது. அப்ப எப்படி ஒழுகுதுன்னு கேக்கறீங்க. அதத்தான் சொல்ல வரேன், அவசரப்படாதீங்க.

சட்டம் வந்துது. நூத்துக்குப் பத்து. வேலயில்லாத பிரெஞ்சு வாத்தியக்காரங்க கத்தின கத்துல வந்த சட்டம். ஒரு ஆர்கெஸ்ட்ராவுல பத்துப் பேரு இருந்தா ஒருத்தன் வெளிநாட்டான் இருக்கலாம். ஒம்பது பேரு இருந்தா? ஒருத்தனும் இருக்கக் கூடாது. எங்க ஆர்கெஸ்ட்ராவுல மூணு அமெரிக்கருங்க. ரெண்டு பேரு போனாங்க, அமோஸு நின்னான். மொத்தம் பத்துப் பேரு, அதுல அமோஸு ஒருத்தன். கணக்கு சரி. நான் வெளிநாட்டான் இல்ல, பாத்துக்குங்க. கறுப்பா இருக்கேன், பேரு ஒனுமியா, ஆனா தாத்தா போட்ட கையெழுத்து இருக்கே. முசியே ரிவோ என் தோள்ல தட்டி, "உன்ன மாதிரி ஆளு அதிஷ்டம். அமெரிக்கன் மூஞ்சி, பிரெஞ்சு காகிதம்"னாரு. நான் சந்தோஷப்பட்டேன். இப்ப சொல்லக் கூச்சமா இருக்கு. ஆனா பட்டேன்.

ஒரு செவ்வாக்கெழம மத்தியானம் கஸ்தோன் என்ன ஒரு காப்பிக் கடையில பாத்தான். அவன் அப்ப வாத்தியக்காரங்க சங்கத்துல ஓடியாடிக்கிட்டு இருந்தான். "வியாழக்கெழம உங்க நீலக்கிளிக்கு சர்க்கார் ஆளுங்க தல எண்ண வராங்க"ன்னான். வரட்டும், பத்துக்கு ஒன்னு சரியா இருக்குன்னேன். "ஆமா, சரியாத்தான் இருக்கு. ஒரு ஆளு கொறஞ்சா வேற கத"ன்னான். அவ்வளவுதான் பேச்சு. அவனும் என்னக் கேக்கல, நானும் அவன்கிட்ட ஒன்னும் சொல்லல. யாரு மேலயும் நான் மொட்டக் கடுதாசி போடல, யாரையும் காட்டிக் குடுக்கல. இத நல்லா எழுதிக்குங்க.

இல்ல, எழுதாதீங்க. கேளுங்க, போதும்.

வியாழக்கெழம காலைல எனக்குக் காய்ச்சல். நெசமாத்தான். நூத்தி ரெண்டு. மார்ச்சு மாசம், குளிரு, பாரீஸ்ல இருந்தவங்களுக்குத் தெரியும், அந்த மாசத்துல யாருக்குத்தான் காய்ச்சல் வரல? கீழ் வீட்டு காவக்காரம்மாகிட்ட சொல்லி, முசியே ரிவோவுக்கு டெலிபோன் பண்ணுங்க, ஒனுமியாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுங்கன்னேன். அந்தம்மா என்ன ஏற எறங்கப் பாத்துச்சி. நான் சொக்கா போட்டு, தல வாரிக்கிட்டு எறங்கியிருந்தேன், அதனால. காய்ச்சக்காரன் தல வாரக் கூடாதா?

மத்தியானம் மூணு மணி இருக்கும். கதவத் தட்டற சத்தம். அமோஸு. அஞ்சு மாடி ஏறி வந்திருக்கான், லிஃப்டு கெடையாது. கையில துணி சுத்தின ஒரு தூக்கு. தொறந்தா ஆவி பறக்குது. கஞ்சி. நல்லாக் கொழைய வெந்த கஞ்சி, உப்பு போட்டு. நம்ம வீட்டுக் கஞ்சி மாதிரி இல்ல, கொஞ்சம் தீஞ்ச வாசன. ஆனா கஞ்சி.

நான் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டேன். போர்வைக்குள்ள கிளாரினெட்டு இருந்துது.

ஆமா. வாசிச்சிக்கிட்டுதான் இருந்தேன். படுத்துக்கிட்டே எவ்வளவு நேரம் கூரையப் பாக்கறது? அந்தத் தனி வாசிப்பதான் வாசிச்சிக்கிட்டு இருந்தேன், எழுதி வச்ச காகிதத்தப் பாத்து. ஒதட்டு ஓரத்த லேசா விட்டா அந்தக் காத்து ஒழுகற மாதிரி வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வந்துடுச்சி, அன்னிக்குதான் வந்துது. கீழேருந்து வர்றவனுக்குக் கேட்டிருக்காது. அஞ்சு மாடி. கதவும் கனமான கதவு. கடைசி படி வரைக்கும் வந்திருந்தாதான் கேட்டிருக்கும்.

அமோஸு கட்டில் ஓரத்துல உக்காந்தான். என் நெத்தியில கைய வச்சான். பெரிய கை. வச்சி, ரொம்ப நேரம் எடுக்கல. என் மூஞ்சியவே பாத்தான். அப்புறம் சொன்னான்: "நத்திங்."

தம்பி, நாப்பத்தஞ்சு வருஷமா இத நான் யோசிக்கறேன். என்னப் பேர் சொல்லிக் கூப்புட்டானா? இல்ல, காய்ச்சல் ஒன்னுமில்லன்னு சொன்னானா? தெனம் கூப்புடற பேருதான். ஆனா தெனம் கூப்புடற குரல் இல்ல. மெதுவா சொன்னான். கூப்புட்டா அடுத்தாப்பல ஏதாவது சொல்லணும் இல்ல? ஒன்னும் சொல்லல. கைய எடுத்தான், தூக்கு மூடிய தொடச்சி பக்கத்துல வச்சான், தொப்பிய மாட்டினான், "சூடா குடி"ன்னான், எறங்கிப் போயிட்டான். அவனுக்கு அஞ்சு மணிக்கு வாசிக்கணும்.

அப்ப சொல்லியிருக்கலாம். "இன்னிக்குப் போவாத அமோஸு." நாலு வார்த்த கூட வேணாம். அவன் போவலன்னா மேடையில எட்டுப் பேரு, எல்லாரும் பிரெஞ்சு, தல எண்ண வந்தவன் எண்ணிட்டுப் போயிருப்பான். படிக்கட்டுல அவன் பூட்ஸ் சத்தம் கீழ போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு மாடியிலயும் இப்பக் கூப்புடலாம், இப்பக் கூப்புடலாம்னு தோணிச்சி. வாயத் தொறக்கல. எங்க தாத்தா மாதிரி. கஞ்சிய மட்டும் பூராவும் குடிச்சேன்.

அப்புறம் என்ன, நீங்களே சொல்லிடுவீங்க. வந்தாங்க, எண்ணினாங்க. ஒம்பது. பத்தாவது ஆளுக்குக் காய்ச்சல்னு முசியே ரிவோ சொல்லிப் பாத்திருக்காரு. நான் கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன்னுட்டான் வந்தவன். அமோஸோட வேல அட்டைய வாங்கிட்டுப் போயிட்டான். மறுநாள் காலைல நான் போனேன். காய்ச்சல் விட்டுடுச்சி. ஒரு நாள் காய்ச்சல்தானே. முசியே ரிவோ என்னப் பாத்தாரு. இப்ப நாம பத்துப் பேரு ஆயிட்டோம், எழுதிப் போட்டா அட்டைய திருப்பி வாங்கலாம்னு அவரு சொல்லுவாருன்னு எதிர்பாத்தேன். அவரு சொல்லல. "அந்தத் தனி வாசிப்பு உனக்கு வருமா?"ன்னாரு.

வரும்னேன்.

அடுத்த வாரம் மார்த்தினிக்குங்கற பிரெஞ்சுத் தீவுக்காரன் ஒருத்தன் வந்து பத்தாவது நாற்காலியில உக்காந்தான், அவனும் கறுப்பு, அவனும் பிரெஞ்சு. நான் அமோசு நாற்காலிக்குப் போனேன். அமோசு கோட்டு எனக்கு, கை நீளம், மடிச்சி ஊசி குத்தினாங்க. வெளிய போஸ்டர்ல என்ன போட்டாங்க தெரியுமா? "அலபாமாவிலிருந்து நேராக!" மேடையில பேசக் கூடாது, சிரிச்சா போதும்னு சொன்னாரு. பிரெஞ்சுக்காரனா இருந்ததாலதான் வேல, ஆனா பிரெஞ்சு பேசக் கூடாது! பொம்பளைங்க எங்கிட்ட வந்து அலபாமாவுல மழ பெய்யுமான்னு கேப்பாங்க. தலையாட்டுவேன்.

ரெண்டாவது மாசம் இந்தத் தட்டு. அமோசு வாசிச்சது, ஒரு புள்ளி பெசகாம. ஒதட்டு ஓரத்துல காத்த விட்டு அந்த ஒழுகலும் சேத்து. என்னோடதுன்னு அதுல ஒரு சுரம் கெடையாது. நான்தான் சொன்னேனே, காகிதத்துல இருந்தா நான் தப்பு பண்ண மாட்டேன்.

அமோஸு எங்க போனான்னு கேக்க மாட்டீங்களா? ரெண்டு மாசம் பாரீஸ்லயே அலஞ்சிருக்கான். எல்லா எடத்துலயும் அந்தப் பத்துக்கு ஒருத்தன் நெறஞ்சாச்சி. நான் அவன் ரூம்புக்குப் போவல. ஞாயித்துக்கெழமைங்கள்ல எனக்கு ஒத்திக இருந்துது. இருந்துதுன்னு நெனைக்கறேன். அப்புறம் முப்பத்தி அஞ்சுல ஒரு கார்டு வந்துது. எங்கேருந்து? பம்பாய்லேருந்து! அங்க ஒரு பெரிய ஓட்டல்ல வாசிக்கறானாம். அதான் மொதல்ல கேட்டேன், இந்தத் தட்டு அவன் கையிலேருந்து வந்துதோன்னு. பாருங்க விதிய, என் தேசத்துக்கு அவன் போனான், நான் அவன் நாற்காலியில உக்காந்திருக்கேன். அவனுக்கு எழுதத் தெரியும், ஆனா ரொம்ப எழுத மாட்டான். மூணே வரி. "இங்க எல்லாரும் சோறு திங்கறாங்க. இங்கயும் ஒன்னு மூணுலதான் கை தட்டறாங்க. காய்ச்சல் எப்படி இருக்கு?"

கேலியா? அக்கறையா? நீங்க எழுத்தாளரு, நீங்க சொல்லுங்க. அவன் கேலி பண்ற ஆளுதான். அக்கறப்படற ஆளுந்தான்.

பதில் போடல. விலாசம் இருந்துது. தெளிவா எழுதியிருந்தான். காய்ச்சல் விட்டுடுச்சின்னு எழுதினா பொய், வரவே இல்லன்னு எழுதினா உண்ம. ரெண்டையும் எழுதிக் கிழிச்சேன். அப்புறம் யுத்தம் வந்துது, பட்டாளம், நான் கிளாரினெட்ட வித்துட்டேன், அதுக்கப்புறம் தொடல. அறுவத்தி ரெண்டுல இங்க வந்தேன். பம்பாய் வழியாத்தான் கப்பல். துறமுகத்துல ரெண்டு நாள் நின்னுது. நான் கப்பல விட்டு எறங்கவே இல்ல. அன்னிக்கும் உடம்பு சரியில்ல எனக்கு. சிரிக்காதீங்க.

ஆமா, சொல்லிட்டேன். காய்ச்சல் இல்ல. நூத்தி ரெண்டும் இல்ல, ஒன்னும் இல்ல. தெர்மாமீட்டரே கெடையாது எங்கிட்ட. அவன் கெட்டுப் போவணும்னு நெனச்சி படுக்கல தம்பி, ஆண்டவன் சாட்சியா. அந்தத் தட்டுல என் பேரு வராதான்னு நெனச்சிப் படுத்தேன். ரெண்டும் ஒன்னுதான்னு அப்பத் தெரியாம இல்ல. தெரிஞ்சிது. வெக்கமா இருக்கு. என் சம்சாரத்துகிட்ட கூட சொன்னதில்ல, அவ செத்துப் பதினோரு வருஷம் ஆச்சி. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. நீங்க ரத்தம் பேசுதுன்னு எழுதினீங்க பாருங்க, அத என்னால தாங்க முடியல.

இந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போடணுமா? "மேற்படி இசைத்தட்டில் கிளாரினெட் தனி வாசிப்பு என்னுடையதே." என்னுடையதே. ஏகாரம் வேற போட்டிருக்கீங்க. பேனாவ குடுங்க. இத அடிக்கறேன். இங்க எழுதறேன் பாருங்க, அமோஸ் விட்லி. தமிழ்ல எழுதினாப் போதுமா? வாசிப்பு அவனுது. பல்லும் அவனுது. ஊதினது மட்டும் ஒன்னுமில்ல. அத அப்படியே போட்டுக்குங்க, என் பேரும் வந்த மாதிரி ஆச்சி.

இப்பப் போடுங்க அந்தத் தட்ட. போடுங்க. இல்ல, இப்படிக் குடுங்க, நானே ஊசிய வைக்கறேன்.

கேக்குதா... இன்னும் வரல... இதோ. மேல போயி, நிக்குது. ஒழுகுது பாருங்க. அவன் இங்க உக்காந்திருக்கற மாதிரி இல்ல? நல்லாத்தான் வாசிச்சிருக்கேன். இல்ல, நல்லாத்தான் வாசிச்சிருக்கான்.

போதும், எடுத்துடறேன்.

ஆமா, விழான்னு எழுதியிருந்தீங்களே, அடுத்த மாசம். மேடையில எனக்கு சால்வ போடப் போறதா. அது அப்ப இல்லன்னு ஆயிடுமா? சும்மா கேட்டேன். பத்திரிக அடிச்சாச்சா? பேரெல்லாம் போட்டாச்சா? எம்மவன் ஆபீசுல பத்துப் பேருக்குச் சொல்லிட்டான், பேரன் வேற வெள்ளச் சட்ட தைக்கக் குடுத்திருக்கான். இல்ல, அதுக்காக இல்ல. பத்திரிக அடிச்சப்புறம் மாத்தினா உங்களுக்குத்தான் சங்கடம். அந்தக் காகிதத்த இப்படிக் குடுங்க, இப்போதைக்கு எங்கிட்டயே இருக்கட்டும். நான் ஒன்னு பண்றேன். விழாவுக்கு வரேன். சால்வ போட்டதும் மைக்கப் புடிச்சி நானே எழுந்து சொல்லிடறேன், இது என்னுது இல்ல, அமோஸ் விட்லியோடதுன்னு. எல்லார் முன்னாடியும். அதுதான் முறை. இருவதாந்தேதி, சாயங்காலம் அஞ்சு மணிதானே? கண்டிப்பா சொல்லிடுவேன் தம்பி, அன்னிக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வராம இருந்தா.